ஹெரால்டு கியர் பாக்ஸுக்காகத் தரையை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் புதுப்பிக்க எடுப்பவர்களில் சிலர் கியர் பாக்ஸுக்காக இன்ஜினையும் சேர்த்துத் தூக்குகிறார்கள். தரைத் தகட்டை வெட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாத வேலை. 1961 முதல் சென்னையில் தயாரான இந்த வண்டியில், கியர் பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே எடுக்க வழி இருக்கிறது.

பேட்டரி ஒயர், முன் சீட்டுகள், தரைவிரிப்பு, டேஷ்போர்டைத் தாங்கும் பிராக்கெட் ஆகியவற்றை முதலில் கழற்றுங்கள். அடுத்து நடுவிலுள்ள கியர் பாக்ஸ் மூடி. பெரும்பாலும் அது அழுத்திய அட்டைதான். ஈரம் பட்டு ஊறியிருக்கும். நெம்பினால் பிய்ந்துவிடும். திருகுகள் அத்தனையும் வந்த பிறகே தூக்க வேண்டும்.

கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட்டுகளுக்கு 9/16 அங்குல ஸ்பேனர் தேவை. 14 மி.மீ. உள்ளே போகாது, 15 மி.மீ. முனைகளை மழுக்கிவிடும். ஸ்பீடோமீட்டர் கேபிளையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்றுங்கள். பெடலை மிதிக்கும்போது திரவ அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் குழாயைப் பிரிக்க வேண்டியதில்லை. சிலிண்டரை அதன் பிடியிலிருந்து உருவி ஓரமாகக் கட்டிவைத்தால் போதும். அதன்பின் யாரும் கிளட்ச் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். கியர் லீவரோடு கியர் பாக்ஸின் மேல் மூடியையும் எடுத்தால் எடை குறையும். திறந்த வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், உள்ளே ஒரு வாஷர் விழுந்தாலும் முழுப் பெட்டியையும் பிரிக்க நேரிடும்.

பின் மவுண்டிங்கைக் கழற்றியதும் இன்ஜின் பின்னால் சாயும். அதற்கு முன்பே இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது இதற்கடுத்த கட்டத்தில்தான். பெட்டியை இன்ஜினோடு சேர்க்கும் கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள் வந்ததும் பெட்டியை நேர்கோட்டில் பின்னுக்கு இழுக்க வேண்டும். பெட்டியின் முன்னால் நீண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டை விட்டு முழுதாக வெளிவரும்வரை, பெட்டியின் பாரத்தை அதில் தொங்கவிடவே கூடாது. தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். பிறகு பெடலை முழுதாக மிதித்தாலும் கிளட்ச் விடாது. கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோமெஷ் முதல் கியரில் இல்லாத பெட்டி இது, பற்கள் கரகரவென்று உரசித் தேயும். திரும்ப மாட்டும்போதும் இதே கவனம் வேண்டும். பிளேட்டை மையப்படுத்திவிட்டு, பெட்டியை நான்காம் கியரில் போட்டுப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் பின் தட்டான ஃபிளாஞ்சைக் கையால் மெல்லத் திருப்பினால் இன்புட் ஷாஃப்டின் வரிப்பற்களான ஸ்ப்ளைன் தானே பொருந்தும். போல்ட்டை முறுக்கி இழுத்துப் பொருத்தாதீர்கள்.

பெட்டி வெளியே இருக்கும்போதே கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், அதைத் தள்ளும் ஃபோர்க்கின் பின், இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும், கிராங்க் முனையிலுள்ள சிறு புஷ் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆயில் சுமார் 850 மி.லி. பிடிக்கும். ஈ.பி. 90 கியர் ஆயிலை ஜி.எல்.-4 என்ற தரத்தில் கேட்டு வாங்குங்கள். ஜி.எல்.-5 ஆயில்கள் பலவற்றிலுள்ள கந்தகச் சேர்மானம் சின்க்ரோ வளையங்களின் பித்தளைக்கு ஆகாது.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக்குகள் சிலர்,
சென்னை