சில்லறை பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் அப்பா காலத்திலிருந்து நம் கடைத் தேன்குழலும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. எங்களைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: மீதிக் காசுக்கு மிட்டாயைத் தள்ளிவிட்டு லாபம் பார்க்கிறோமாம், பத்து ரூபாய் நாணயத்தை வாங்குவதில்லையாம். கேட்டபிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

மிட்டாய் கொடுப்பது உண்மைதான். கல்லாவில் சில்லறை தீர்ந்த நேரத்தில், கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறோம். வேண்டாம் என்பவர்களுக்கு நோட்டில் எழுதிவைத்து அடுத்த முறை கழிக்கிறோம். அந்த நோட்டு தராசுப் பக்கத்திலேயே கிடக்கிறது, யாரும் புரட்டிப் பார்க்கலாம். ஒரு ரூபாய் மிட்டாயில் எங்களுக்கு மிஞ்சுவது சில காசு. ஒரு ரூபாய் நாணயம் திரட்டவோ வெளியில் கமிஷன் கொடுக்கிறோம். வங்கியில் கேட்டால் பத்து ரூபாய் நாணய மூட்டையைத்தான் தருகிறார்கள். இதில் எங்கே லாபம்? தெரிந்த முகங்களிடம் ரெண்டு ரூபாய்க்கு ஆசைப்பட்டோம் என்று சொன்னதுதான் உறுத்துகிறது.

பத்து ரூபாய் நாணயத்தை நாங்கள் வாங்குவதில்லை என்பதும் சுத்தப் பொய். பத்துக் கோடு பொறித்தது, பதினைந்து கோடு பொறித்தது, ரூபாய்க் குறி உள்ளது, இல்லாதது என்று 14 வடிவங்களும் செல்லும் என 2018-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் வாங்குகிறோம். எட்டணாவும் கொடுங்கள், சட்டப்படி மொத்தம் பத்து ரூபாய் வரை அதுவும் செல்லும்.

சரி, சிறு காசையே நிறுத்திவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு ரூபாய் அடிக்க 2018 கணக்கில் ரூ. 1.11 செலவு என்பது காரணம். அந்தக் காசு ஒரே நாளில் தீர்ந்துவிடுவதில்லையே, வருடக்கணக்கில் கை மாறுகிறது. 2011 ஜூன் 30-உடன் நாலணா போனது. அப்புறம் எட்டணாவைக் கடைத்தெருவில் யாரும் கையால் தொடவில்லை. ஒரு ரூபாயும் போனால் பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு வாங்க எதுவும் இருக்காது. 101, 501 என்று மொய் எழுதும் நம் ஊருக்கு அந்த ஒற்றை ரூபாய் இல்லாமல் எப்படி?

நிறுத்த வேண்டாம், வடிவத்தை மாற்றட்டும். பழைய ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர். 2011-ல் வந்த இரண்டு ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர், அதே எஃகு நிறம். சாயங்கால நெரிசலில் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கண் மங்கிய ஆச்சி ஒருவர் எங்கள் கல்லா முன் நின்று ஒவ்வொரு காசின் ஓரத்தையும் கட்டைவிரலால் தடவுவார், பிறகு மொத்தத்தையும் நம்மிடமே நீட்டி "நீயே எடுத்துக்கப்பா" என்பார். இருபது ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம் கொடுத்தார்களே, அதை அவர் தொட்டவுடன் சொல்லிவிடுகிறார். அதுபோல ஒன்றுக்கும் இரண்டுக்கும் தனித்தனி உருவம் கொடுத்து, பிறகு அதை அடிக்கடி மாற்றாமல் விட்டால் போதும்.

அதுவரை கணக்குச் சுலபமாக, வரும் முதல் தேதியிலிருந்து நம் பாக்கெட் விலைகள் ஐந்தின் மடங்கில் இருக்கும். சிலவற்றில் ஓரிரு ரூபாய் கூடும்.

பதிவைக் கேட்டதும் கடைக்கே வந்து "நீங்க மனசில் வச்சுக்காதீங்க" என்று சொன்ன ஆச்சிமார்களுக்கும், சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் போனில் பேசியவர்களுக்கும், பிள்ளையார்பட்டி போகும்போதெல்லாம் மறக்காமல் வண்டியை நிறுத்துபவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. உங்களால்தான் அடுப்பு எரிகிறது.

வீட்டு உண்டியலில் ஒன்றும் இரண்டுமாகச் சேர்ந்திருந்தால் கொண்டு வாருங்கள். உங்கள் முன்னாலேயே எண்ணி, கமிஷன் இல்லாமல், முழுத் தொகைக்கும் நோட்டாகத் தருகிறோம். மதிய நேரம் கூட்டம் குறைவு, அப்போது வந்தால் வசதி.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
காரைக்குடி