வாழைப்பழ வாசனை தொட்டியில் பிறப்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஒயின் கட்டுரை, பிரான்சின் போஜோலே பகுதி முழுவதற்கும் 'வாழைப்பழ வாசனை, வாங்கின கையோடு குடித்துத் தீர்க்க வேண்டிய சரக்கு' என்று ஒரே முத்திரையைக் குத்திவிட்டது. அந்த வருட அறுவடையில் செய்து, நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை கடைக்கு வரும் 'நூவோ' (புது) ஒயினுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் அந்த வாசனையை, போஜோலே சிவப்பு ஒயின் செய்யப் பயன்படும் கேமே திராட்சையின் பிறவிக் குணம் என்று எழுதியிருப்பது பிழை.

1395இல் பர்கண்டி கோமகன் துணிவுமிக்க ஃபிலிப், கேமே செடியை வசைபாடிப் பிடுங்கி எறியச் சொன்னதைக் கட்டுரையாளர் மறக்காமல் குறிப்பிடுகிறார். கோமகன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பினோ நுவார் திராட்சையின் பிள்ளைதான் கேமே என்று மரபணு ஆய்வு காட்டியதை மட்டும் விட்டுவிட்டார்! வளமான மண்ணில் அளவுமீறிக் காய்த்து, நீர்த்த சாறு தரும் செடி அது. போஜோலேயின் வடபாதியில் கிரானைட் உதிர்ந்த இளஞ்சிவப்பு மணல்தான் மண். அதில் செடி அடங்கிக் காய்க்கிறது. தென்பாதி களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும்.

இனி தொட்டிக்கு வருவோம். வழக்கமான சிவப்பு ஒயினுக்குத் திராட்சையைக் காம்பு நீக்கி நசுக்குவார்கள். போஜோலே முறையில் கொத்து கொத்தாக, காம்போடு, நசுக்காமல் தொட்டியில் நிரப்புகிறார்கள். செடியை உலுக்கிப் பழத்தை உதிர்க்கும் இயந்திரத்தால் முழுக்கொத்து கிடைக்காது. கையால்தான் பறிக்க வேண்டும். மேலிருக்கும் பாரத்தில் அடிக்கொத்துகள் நசுங்கிச் சாறு விடும். அந்தச் சாற்றை ஈஸ்ட் நொதிக்க வைக்க, கிளம்பும் கரியமில வாயு தொட்டியை நிரப்பிக் காற்றை வெளியே தள்ளிவிடும். மூச்சுக்குக் காற்றில்லாத முழுப்பழங்கள், ஈஸ்ட்டின் உதவியின்றித் தங்கள் நொதிகளைக் கொண்டே உள்ளுக்குள் சர்க்கரையை ஆல்கஹாலாக்கத் தொடங்கும். அது ஏறக்குறைய 2 சதவீதத்தோடு நின்றுவிடும். அதற்குள், பழத்துக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தில் பாதிவரை கரைந்துபோகும். நாலைந்து நாள் கழித்து ஒரு பழத்தை எடுத்துக் கிள்ளிப் பார்த்தால், வெளிறியிருந்த சதை தோலின் சாயம் இறங்கி இளஞ்சிவப்பாகியிருக்கும். நாக்கில் சுருக்கென்று வாயு தைக்கும்.

இந்த உள்நொதிப்புக்குச் சூடு வேண்டும். 30 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் விறுவிறுப்பாக நடக்கும். நூவோவுக்கு நான்கைந்து நாள் போதும். 'க்ரூ' எனப்படும் தனி ஊர்ப்பெயர் பெற்ற நல்ல ஒயினுக்குப் பத்து முதல் பதினைந்து நாள்; சிலர் மரச்சட்டத்தை வைத்துத் தோல்களைச் சாற்றுக்குள் அமிழ்த்தியே வைப்பார்கள், சாயமும் துவர்ப்பும் இறங்குவதற்காக. பிறகு பிழிவு. மற்ற ஊர்களில் பிழிந்து எடுக்கும் சாறு முரடு, தானாக வடிவதே உயர்வு. இங்கே தலைகீழ். பிழிந்து வருவதில்தான் மணமும் இனிப்பும் அதிகம். உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பாரடீ' (paradis), அதாவது சொர்க்கம்.

கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். சாற்றில் சர்க்கரை மிச்சமிருக்கிறது, புளிப்போ குறைந்துவிட்டது. லாக்டிக் பாக்டீரியாவுக்கு அது விருந்து. மாலிக் அமிலத்தை முடித்துவிட்டுச் சர்க்கரையில் வாய்வைத்தால் அசிட்டிக் அமிலம் உருவாகி, வினிகர் நெடி ஏறிவிடும். அதனால் பிழிந்த சாற்றைச் சுமார் 20 டிகிரிக்குக் குளிரவைத்து, ஈஸ்ட்டைக் கொண்டு சர்க்கரையைச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறார்கள். கந்தகம் சேர்க்காமல் ஒயின் செய்து காட்டிய போஜோலே ஒயின் வணிகர் ஜூல் ஷோவே இந்தப் பாக்டீரியாவைக் கண்காணிக்கவே நுண்ணோக்கியைக் கையில் வைத்திருந்தார்.

வாழைப்பழ வாசனைக்குக் காரணம் ஐசோஅமைல் அசிட்டேட். அதைத் தாராளமாக உண்டாக்கும் 71பி போன்ற ஈஸ்ட் வகைகள் இருக்கின்றன. தணிந்த வெப்பத்தில் நொதிக்கவிட்டால் வாசனை ஒயினிலேயே தங்கிவிடுகிறது. தோலில் படிந்திருக்கும் ஈஸ்ட்டையே நம்பிச் செய்த மோர்கோன் என்ற க்ரூ ஒயினில் வாழைப்பழத்தைத் தேடினாலும் கிடைக்காது. செர்ரியும் அதன் கொட்டையின் கசப்பும்தான் வரும். கேமே ஒன்றே, தொட்டி வேறு.

வடபாதியில் பத்து ஊர்ப்பகுதிகளுக்குத் தனிப்பெயர் உரிமை, அதாவது க்ரூ தகுதி உண்டு. கடைசியாக 1988இல் சேர்ந்தது ரேஞ்யே. இவற்றை நூவோவாக விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பல புட்டிகளின் முகப்பில் 'போஜோலே' என்ற சொல்லே இராது, ஊர்ப்பெயர் மட்டுமே இருக்கும். கட்டுரையாளர் தடுமாறியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். உயரத்தில் விளையும் ஷிரூப்ள் லேசானது, இரண்டு மூன்று வருடத்தில் குடித்துவிடலாம். மோர்கோனில் பி குன்றின் மக்கிய நீலப்பாறையில் விளைந்ததும், மாங்கனீசு கலந்த மண்ணில் விளையும் மூலான்-ஆ-வானும் நல்ல வருடத்தில் பத்தாண்டு தாங்கும். வயதேறிய மோர்கோன் பர்கண்டியைப் போல மாறுவதைச் சொல்ல 'மோர்கொனே' என்று ஒரு வினைச்சொல்லே பிரெஞ்சில் இருக்கிறது.

மற்றவற்றை விட்டாலும், எல்லா போஜோலேயையும் ஐஸ் வாளியில் வைத்துப் பரிமாறச் சொன்ன பெட்டிச் செய்தியையாவது திருத்தி வெளியிடுங்கள். நூவோவுக்கு 11, 12 டிகிரி சரி. மூலான்-ஆ-வானை அந்தக் குளிரில் ஊற்றினால் மணம் அடைபட்டு, துவர்ப்பு மட்டும் நாக்கில் நிற்கும். அதற்கு 15, 16 டிகிரி வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்