திரும்பப் பெறுவதாகச் சொன்ன டார்ச் லைட்டைத் திரும்பப் பெறுங்கள்

அனுப்புநர்:
ஒரு பூ விவசாயக் குடும்பத்தினர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தலையில் மாட்டும் ரீசார்ஜ் டார்ச் லைட் – பேட்டரி வீங்கியது – திரும்பப் பெறும் அறிவிப்பு எங்களை வந்து சேராதது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பேட்டரி அதிகமாகச் சூடாவதால் இந்த மாடல் டார்ச்சைத் திரும்பப் பெறுவதாக உங்கள் இணையதளத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. உடனே பயன்படுத்துவதை நிறுத்தவும் என்றும் அதில் போட்டிருக்கிறீர்கள். அந்த அறிவிப்பு வந்த பிறகும் என் அம்மா தினமும் அதைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் பூப் பறித்தார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

குண்டுமல்லி மொக்கை விடியுமுன் பறித்தால்தான் மார்க்கெட்டில் விலை. இரண்டு கையும் செடியில் இருக்கும், அதனால் வெளிச்சம் நெற்றியிலிருந்துதான் வர வேண்டும். உங்கள் மாடலில் விளக்கு முன்பக்கம், பேட்டரிப் பெட்டி பின்மண்டையில். போன மாதம் ஒரு நாள் பறித்துக்கொண்டிருந்தபோதே பின்னந்தலை சுடுகிறது என்று அம்மா பட்டையைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார். எடுத்துப் பார்த்தால் பெட்டியின் மூடி ஒரு பக்கம் வாய் பிளந்து நிற்கிறது. உள்ளே தட்டையாக இருக்க வேண்டிய செல் தலையணைபோல் உப்பியிருந்தது. எலாஸ்டிக் பட்டை பெட்டியோடு ஒட்டி உருகியிருந்தது. முடி கொஞ்சம் கருகியதோடு போயிற்று. அது தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. லித்தியம் செல்லுக்குள் நேர், எதிர் தகடுகளைப் பிரிப்பது ஒரு மெல்லிய படலம். அது கிழிந்து இரண்டும் தொட்டுக்கொண்டால் சூடு தானாகவே ஏறிக்கொண்டு போகும். செய்து விற்கும் உங்களுக்குத் தெரியாததா?

பிளந்த மூடி வழியே செல்லைப் பார்த்தேன். பதிவு எண் எதுவும் கண்ணில் படவில்லை. கையடக்கப் பொருட்களில் போடும் லித்தியம் செல்களுக்கு ஐ.எஸ். 16046 தரத்தின்படி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். உங்கள் செல்லின் பதிவு எண் என்ன என்று எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தபோதுதான் திரும்பப் பெறும் செய்தியே தெரிந்தது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் பேசினார்கள். இணையதளத்தில் பதிவு செய்து, டார்ச்சை கூரியரில் அனுப்பி வைத்தால், உங்கள் தளத்தில் பொருள் வாங்கிக்கொள்ள கூப்பன் தருவார்களாம். தருமபுரியில் கூரியர் அலுவலகத்தில் வீங்கிய பேட்டரி என்றதுமே வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. 2016இல் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றபோது, சாம்சங் நிறுவனம் தீத்தாங்கும் பெட்டியும் கையுறையும் அனுப்பி, அதில் வைத்துத்தான் திருப்பி அனுப்பச் சொன்னது. நீங்கள் அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்கிறீர்கள். இப்போது அந்த டார்ச் எங்கள் வீட்டுக்கு வெளியே, மாட்டுக் கொட்டகைக்குத் தள்ளி, மணல் போட்ட தகர டப்பாவில் கிடக்கிறது.

எனக்குப் பெரிய கோபம் எதில் என்றால், கடையில் நடந்ததில். டார்ச் வாங்கிய கடைக்குப் போய்க் கேட்டால், அதே மாடல் அங்கே கொக்கியில் வரிசையாகத் தொங்குகிறது. கடைக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. சரக்குப் போடும் சேலம் டீலரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்தார். அப்புறம் பில் புத்தகத்தைப் புரட்டி, போன் நம்பர் எழுதியிருந்த ஒவ்வொருவரையும் என் கண்முன்னே கூப்பிட்டுச் சொன்னார். மாரண்டஅள்ளிப் பக்கம் ஒருவர் அப்போது அதைச் சார்ஜில் போட்டிருந்தாராம். ஒரு சின்னக் கடைக்காரர் ஒரே மாலையில் செய்த வேலை இது. டீலர் பட்டியல் முழுவதும் கையில் இருக்கும் உங்களால் ஏன் முடியவில்லை?

2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம் பிஎல்-5சி பேட்டரி பற்றி எச்சரித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். உலகம் முழுக்க 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள். பத்திரிகையிலும் டிவியிலும் செய்தி வந்து, ஊரெல்லாம் போனைக் கழற்றி பேட்டரியின் பின்பக்கத்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தி ஆட்களிடம் போய்ச் சேர்ந்தால்தான் அது திரும்பப் பெறுவது. இணையதளத்தின் ஓரத்தில் ஒரு பக்கம் போடுவது உங்கள் கோப்புக்கு ஆகலாம், டார்ச் மாட்டியிருப்பவருக்கு ஆகாது.

ஆகவே, தமிழ் நாளிதழ்களில் டார்ச்சின் படத்தோடு அறிவிப்பு கொடுங்கள். பூ மார்க்கெட்டிலும், விற்ற கடைகளிலும் நோட்டீஸ் ஒட்டுங்கள். டீலர்கள் மூலம் ஒவ்வொரு கடைக்கும் போன் போக வேண்டும். பழைய டார்ச்சை வாங்கிய கடையிலேயே பாதுகாப்பான பெட்டியோடு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் அங்கேயே கொடுங்கள், கூப்பன் வேண்டாம். எங்கள் பணத்தைக் கொடுத்து இந்தப் புகாரை மட்டும் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனை பேர் தலையில் அது இருக்கிறதோ.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. அங்கும் எழுதுவேன். நஷ்டஈடு கேட்டு, நான் குடியிருக்கும் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணமும் கிடையாது.

பில் நகலும், டார்ச்சின் படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் டார்ச் லைட்டை வாங்கிய வாடிக்கையாளர்.