ஹரேலா அனுப்பியிருக்கிறேன்

அல்மோடா
ஆடி 2

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். உறையைப் பார்த்துப் பிரி. உள்ளே மடித்த காகிதத்தில் ஹரேலா பண்டிகை முளை இருக்கிறது. நேற்றுக் காலையில் வெட்டியது. உன் கைக்கு வருவதற்குள் வாடியிருக்கும். வாடினால் குற்றமில்லை, உன் பாட்டி, ஆமா காலத்திலும் பட்டாளத்தில் இருந்த சித்தப்பாவுக்குத் தபாலில்தான் போகும். தலையில் ஒரு தடவை வைத்துவிட்டு, அப்புறம் காதோரம் செருகிக்கொள். ஆபீஸில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

இந்தத் தடவை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். மழைக்காலத்தில் அபார்ட்மெண்ட் தபால்பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று நீ எப்போதோ சொன்னாய் இல்லையா, அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் விதைத்தது உன் அப்பாதான், உன் பாபு. முழங்காலை மடக்க முடியவில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து மண்ணைச் சலித்து, கோதுமை, பார்லி, மக்காச்சோளம், உளுந்து, கொள்ளு, கடுகு, நெல் என்று ஏழையும் தூவினார். பூஜை அறை மூலையில் வெயில் படாமல் கூடையை வைத்தோம். பத்து நாளும் தண்ணீர் தெளித்தது நான். ஊரில் அம்மன் கோவில் முளைப்பாரிக்கு இருட்டறையில் தண்ணீர் தெளித்தபோது எனக்குப் பத்து வயது. இப்போதும் மூடியை எடுக்கும்போது அதே ஈரமண் வாசனைதான். முளை நன்றாக வந்திருந்தது, மஞ்சள் பட்டு நூல் மாதிரி. இந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று உன் பெரியம்மா ஜேடஜா சொன்னார்கள். விளைச்சலுக்கு மேல்பக்கத்து மல்லா காட்டில் விதைக்கத்தான் ஆள் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் டிகாரே களிமண் பொம்மைகள் செய்ய உட்கார்ந்தேன். சிவனும் பார்வதியும் எப்படியோ வந்துவிட்டார்கள். பிள்ளையார் வரவில்லை. பிள்ளையார் எப்போதும் உன் கைதான். தொப்பையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கடைசியில் அவர் உட்கார முடியாமல் கவிழ்ந்து விழுவார். மூன்று தடவை களிமண்ணைப் பிசைந்து பார்த்துவிட்டு, ஒரு உருண்டை பிடித்து வைத்துவிட்டேன். சாமி ஏற்றுக்கொள்ளும்.

வெட்டியதும் வீட்டில் பெரியவர்கள்தான் எல்லோருக்கும் தலையில் வைத்துவிட வேண்டும். ஆமா போனபிறகு நம் வீட்டில் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு அந்த வாழ்த்து முழுவதும் வர எத்தனை வருஷம் ஆனது தெரியுமா. ஜீ ரயே, ஜாகி ரயே. உயிரோடு இரு, விழித்திரு, இந்த நாளும் இந்த மாதமும் உனக்குத் திரும்பத் திரும்ப வாய்க்கட்டும். அறுகு போலப் படர்ந்து தழைக்க வேண்டும். சிங்கத்தின் பலமும் நரியின் புத்தியும் வர வேண்டும். பல்லெல்லாம் விழுந்து சோற்றை அம்மியில் அரைத்துத் தின்னும்வரைக்கும், கொல்லைக்குக் கம்பு ஊன்றிப் போகும்வரைக்கும் இருக்க வேண்டும். கடைசி வரி வந்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய், ஆமா பொய்க்கோபத்தில் உன் காதைத் திருகுவார்கள். நேற்று எல்லோருக்கும் வைத்து முடித்தபிறகு வாசலைப் பார்த்து உனக்கும் சொன்னேன். பாபு ஒன்பது மணிக்கு ஒருதரம், பதினோரு மணிக்கு ஒருதரம் வீடியோ கால் போட்டார். மீட்டிங்கில் இருந்திருப்பாய்.

மூன்று ஹரேலா போய்விட்டது கண்ணு, நீ வந்து. வேலை இருக்கிறது, தெரியும். உன்னைப் பெரிய பொறுப்புக்கு உயர்த்தியதை பாபு லாலா பஜாரில் சொல்லாத கடை இல்லை. மிட்டாய்க் கடைக்காரர் என்னைப் பார்த்தால் இப்போது எழுந்து நிற்கிறார். ஆனால் இவ்வளவு பெரிய வேலையில் இருக்கிற பெண்ணுக்கு ஒரு போன் எடுக்க நேரமில்லாமல் போகுமா? “நல்லா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்” என்று வாரத்துக்கு ஒரு வரி. அப்புறம் என்பது வருவதேயில்லை. வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி வெறும் பிஸ்கட்டோடு படுக்காதே.

தேவிதுராவிலிருந்து உன் அத்தை வீட்டுக்காரர் பூபா பேசினார். ரக்ஷாபந்தனுக்கு பக்வால் கல்லெறித் திருவிழா பார்க்க வா என்று வழக்கம்போல அழைப்பு. 2013இல் கோர்ட் சொன்னபிறகு கல்லுக்குப் பதில் பழமும் பூவும் எறிவது என்று ஆனதில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல். சம்யால் வகையறாவில் பிறந்தவன் பேரிக்காய் எறியவா கேடயம் பிடித்தேன் என்கிறார். ஒரு ஆள் உடம்பு ரத்தம் பாராஹி தேவிக்குச் சேரும்வரை கல்லெறி நிற்காது என்று அவர் சொல்லும்போதெல்லாம் நீ காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் முகம் புதைப்பாய். சரி, அது கிடக்கட்டும். சாப்பாட்டைத்தான் கேட்கிறேன். ஆள் வைத்திருக்கிறாயா, நீயே சமைக்கிறாயா? ஒருத்திக்காக உலை வைக்கச் சோம்பல் வரும். வந்தாலும் வை.

ஒருத்திக்காக என்று எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.

பங்குனி ஒன்றாம் தேதி, பூல்தேயி அன்று, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேர் வந்தார்கள். இந்த வரிசையில் இப்போது அந்த இரண்டுதான் குழந்தைகள். புராம்ஸும் பியோலியும் கொஞ்சம் பீச் பூவும் வாசற்படியில் போட்டார்கள், அரிசியும் வெல்லமும் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். பாபு அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே நின்றவர், உனக்குப் பிறந்த வீட்டுச் சீர் அனுப்ப, பிட்டௌலிக்கு நாள் பார் என்றார். கூடப் பிறந்தவன் இல்லாத குறை உனக்குத் தெரியக் கூடாது என்று முதல் வருஷம் புனே வரைக்கும் தானே தூக்கிக்கொண்டு வந்தாரே, அந்த மனுஷன். முழங்கால் போனபிறகு தபால். இந்தத் தடவை சிங்கல் அவரே சுற்றினார். ரவையும் தயிரும் வாழைப்பழமும் குழைத்து எண்ணெயில் வட்டம் விடுவது லேசான வேலையா. ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. ஆமாவுக்குப் பிறகு அது உன் ஒருத்திக்குத்தான் வரும். அதோடு ஒரு கிலோ பால் மிட்டாய், மாலூ இலையில் சுற்றிய சிங்கோடி, ஒரு சேலை.

அந்தப் பெட்டி திரும்பி வந்தது.

சித்திரை பிறந்து மூன்றாம் நாள். பாபு தூங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று மேலே எழுதியிருந்தது. தபால்காரர் தப்பு என்று நினைத்தேன். ஒரு நாள் முழுக்க அப்படியே நினைத்தேன். பாபு எழுந்ததும் கிடைத்துவிட்டதாம், நன்றாக இருந்ததாம் என்று சொல்லிவிட்டேன். சிங்கல் பூசணம் பிடித்திருந்தது. விடியற்காலையில் பின்பக்கம் கொண்டுபோய்க் காக்கைக்குப் போட்டேன். தை மாதம் குகுதிப் பலகார மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றுதான் “காலே கவ்வா காலே” என்று ஊரைக் கூட்டுவாய். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. கூப்பிடாமலே காக்கைகள் வந்தன.

2014இல் நந்தா தேவியைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் ராஜ் ஜாத் யாத்திரை பார்க்க நந்தகேசரி வரைக்கும் போனோமே, நினைவிருக்கிறதா? கேதார்நாத் வெள்ளத்தால் ஒரு வருஷம் தள்ளிப்போனது என்று அவ்வளவு கூட்டம். நம் அல்மோடா நந்தாவும் அங்கே வந்து சேர்ந்துகொண்டாள். நான்கு கொம்புக் கடாவின் முதுகில் பை கட்டி, பெண்கள் வளையலும் பொட்டும் வைத்துக்கொண்டு அழுதார்கள். ஹோம்குண்ட் வரை மனிதர்கள் போவார்கள், அதற்குமேல் கடா தனியாக அந்தச் சீரைக் கைலாசத்துக்குக் கொண்டுபோகும் என்றார் பாபு. “போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்த்தார்கள்?” என்று நீ கேட்டாய். பக்கத்தில் இருந்த கிழவி உன்னை முறைத்தாள். அந்தக் கேள்வி இந்தச் சித்திரையில் எனக்கு எத்தனை தடவை வந்தது என்று உன்னிடம் எப்படிச் சொல்ல. கடா திரும்பி வராதவரைக்கும் சீர் சேர்ந்துவிட்டது என்று பிறந்த வீடு நினைத்துக்கொள்ளலாம்.

நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஹரேலா ஒரு சாக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நந்தாஷ்டமி. வீடு நிறைய ஜனம், உன் அத்தைமார் இரண்டு புவா, அவர்கள் மருமகள்கள், குழந்தைகள். மறுநாள் அம்மன் பல்லக்கு, டோலா புறப்பாடு. ராத்திரி பத்து மணிக்கு நீ போன் செய்தாய். “அம்மா, நான் கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா?” என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? நான் என்ன சொன்னேன்? மேளா சமயம், புவா எல்லாம் இருக்கிறார்கள், தனியாக வந்தால் ஆயிரம் கேள்வி வரும், தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வா என்றேன். நீ சரிம்மா என்றாய். தீபாவளிக்கு நீ வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் லாலா பஜாரில் டோலா இறங்கும்போது நானும் நின்றேன். இந்த ஊருக்கு 1989இல் மாற்றலாகி வந்த முதல் வருஷம், ராத்திரியில் வாழைமரத்துக்கு அட்சதை போட்டு அழைத்துவிட்டு, விடிந்ததும் மேளதாளத்தோடு கொண்டுவருவதைப் பார்த்துக் கல்யாணமா என்று கேட்டேன். நம் ஊரில் வாழை கட்டுவது கல்யாணத்துக்குத்தானே. இல்லை, அந்த மரத்திலிருந்துதான் நந்தாவும் சுனந்தாவும் வருவார்கள், வந்த பெண்களை நான்கு நாள் சீராட்டிப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் டோலா போகும்போது நான் அழுதிருக்கிறேன். அந்த வருஷமும் அழுதேன். வாழைத்தண்டில் செய்த பெண் போகிறாளே என்று அழுதேன் கண்ணு. முந்தின ராத்திரி வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டவளை வராதே என்று சொல்லிவிட்டு, தெருவில் நின்று அழுதேன்.

என் கதை உனக்குத் தெரியும். உன் பாபுவைக் கட்டிக்கொண்டபோது தாத்தா கதவைச் சாத்தினார். எட்டு வருஷம். மாமா மட்டும் தைக்குத் தை பொங்கல் சீர் என்று நூற்றியொரு ரூபாய் மணியார்டர் அனுப்புவான், தாத்தாவுக்குத் தெரியாமல். அந்தப் பாரத்தில் கீழே எழுத இருக்கிற துளி இடத்தில் “நல்லா இரு அக்கா” என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டுவேன். எனக்கு ஒரு பெண் பிறந்தால் அவளுக்குச் சாத்தாத கதவு ஒன்று இருக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். நீ கேட்ட ஒரே ஒரு தடவை சாத்திவிட்டேன். என் அப்பாவாவது கோபத்தில் சாத்தினார். நான் புவா என்ன சொல்வார்களோ என்று சாத்தினேன்.

ஆமா சொல்லுகிற குகுதிப் புறா கதையில் அண்ணன் பிட்டௌலி கொண்டுவந்தபோது தங்கை தூங்கிவிடுவாள். எழுப்ப மனமில்லாமல் அவன் பசியோடு திரும்பிப் போய்விடுவான். விழித்தவள் அழுது அழுது செத்து, புறாவாகப் பிறந்து, “அண்ணன் பசித்திருந்தான், நான் தூங்கிவிட்டேன்” என்று கத்திக்கொண்டிருக்கிறாள் என்பார்கள். இந்தப் பங்குனி முழுக்க நம் தேவதாருவில் ஒன்று உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. பாபு அழகாகக் கூவுகிறது, ஜன்னலைத் திற என்பார். நான் சாத்தியே வைத்திருந்தேன்.

சரி. அழுது தீர்க்க எழுத உட்காரவில்லை.

மேல் அறையை ஒழித்துவிட்டேன். உன் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறது. நந்தாஷ்டமிக்கு முன்னால் வா, மேளா முடிந்து வா, நாளைக்கே வா, எப்போது வேண்டுமானாலும் வா. யாருடன் வருகிறாய் என்று நான் கேட்கமாட்டேன். வேறு யாராவது கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். பாபுவிடம் நீ சொல்லும்வரை நான் எதையும் சொல்லமாட்டேன். டில்லியில் ராத்திரி ரயில் ஏறினால் விடியற்காலை காட்கோதாம். அங்கிருந்து பகல் வெளிச்சத்தில் மட்டும் டாக்ஸி ஏறு. மழைக்குக் குவாரப் பக்கம் மலை சரிந்துகொண்டே இருக்கிறது. ரோடு அடைத்திருந்தால் கைர்னாவிலிருந்து ராணிக்கேத் வழியாக வரச் சொல்லு, நேரம் ஆனாலும் பரவாயில்லை.

வரமுடியாவிட்டால் இப்போது இருக்கிற முகவரியை எழுது. முகவரி மட்டும் எழுதினால் போதும். வேளைக்குச் சாப்பிடு. போனை எடு.

ஜீ ரயே, ஜாகி ரயே.

உன் அம்மா

பி.கு.: பெட்டியில் இருந்த சேலைக்கு ஃபால் தைத்து வைத்திருக்கிறேன். ரவிக்கைத் துணியை வெட்டவில்லை. நீ இளைத்திருப்பாய், அளவு தெரியாமல் வெட்டக் கூடாது.