லூஸ் பாலும் ஆடிக் காற்றும்

உடுமலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் 'சரி, அப்புறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அம்மா நலம். தென்னைக்குச் சொட்டுநீர் போட்டாயிற்று.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. எங்கள் கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து பாதி வானத்தில் தடுமாறி, யார் காலிலும் இல்லாத 'லூஸ் பால்' ஆகி நடுவில் விழுகிறது. அங்கேதான் என் தலைவலி. நான் கால்பந்து பழக்கும் பையன்கள் எல்லாம் பன்னிரண்டு வயதுக்குள். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். செம்மண் தரையில் பந்து ஒரு குத்து, இரண்டு குத்து குத்தும். 'நீங்க எடுங்க' என்று பந்தியில் கடைசி வடையைப் பார்ப்பதுபோல இருவரும் நிற்பார்கள். நம் ஊர் மரியாதை மைதானத்துக்கும் வந்துவிட்டது!

ஒரு மாதம் 'போ, போ' என்று கத்தினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது: காலை எப்படி வைப்பதென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. பின்னால் சாய்ந்துகொண்டு விரல் நுனியை நீட்டுகிறான். கணுக்கால் தொளதொள என்று இருக்கிறது. வலிக்காமல் என்ன செய்யும்? ஒருமுறை வலித்தவன் மறுமுறை போவானா?

இப்போது செருப்புகளை வைத்து ஒரு சின்னக் கட்டம். எடை ஒத்த இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்கார வைத்து, பந்தை உருட்டிவிட்டுக் குரல் கொடுப்பேன். எழுந்து, திரும்பி, முழங்காலை மடக்கிப் போக வேண்டும். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், உள்பாதம் பந்தின் நடுவில், கணுக்கால் இறுக்கமாக. தோளோடு தோள் இடிக்கலாம்; கையால் தள்ளினால் ஃபவுல்.

இருப்பதிலேயே குட்டிப் பையன் ஒருவன், தறிக்காரர் மகன். பந்து காற்றில் இருக்கும்போதே இரண்டு எட்டு வைத்துவிடுகிறான். போன ஞாயிறு மேட்சில் தன்னைவிட ஒரு சாண் உயரமானவனிடம் மூன்று பந்து பிடுங்கினான். கோட்டுக்கு வெளியே அவன் ஆத்தா, 'மெதுவாப் போ கண்ணு' என்று ஒரே சத்தம். அவரையும் கட்டத்தில் உட்கார வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் என்ற தேசிய லீக் கோப்பையைத் தூக்கியதை இவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். 'அப்ப நாங்க பால்வாடிங் சார்' என்கிறார்கள்.

வரும்போது நாலாம் நம்பர் பந்து இரண்டு வாங்கி வா. நெருஞ்சி முள் ஏற்கெனவே மூன்றைத் தின்றுவிட்டது.

உன்,
பழைய லெஃப்ட் பேக்