செல்போன் பெட்டியில் இன்னொரு தேதியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழைப் பிரித்தால் முதல் பக்கத்தில் செய்தியே இல்லை. பக்கம் முழுக்க ஒரு செல்போன் விளம்பரம். ‘பழைய போனைக் கொடுங்கள், ரூ.12,000 வரை பெறுங்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ‘வரை’ மட்டும் எறும்பு ஊர்வதுபோல் சின்னதாக இருந்தது. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும், அதைப் பற்றி வருத்தம் இல்லை. அந்த ‘வரை’யிடம் நான் போன மாதம் மாட்டிக்கொண்ட கதையைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், இடம் இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் நான் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில், மோட்டார் கிளெய்ம் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வண்டியின் வயதைச் சொன்னால் தேய்மான சதவீதம் என் வாயில் தானாக வரும். 6 மாதத்துக்குள் 5, ஒரு வருடத்துக்குள் 15, இரண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. “வண்டியைக் குழந்தை மாதிரி வச்சிருந்தேன் மேடம், இவ்வளவு கழிக்கிறீங்களே” என்று சண்டைக்கு வராதவர்கள் குறைவு. அட்டவணையை அவர் பக்கம் திருப்பி வைப்போம். கோபம் போகாது. ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்லிப் போனதில்லை. கழிக்கப் போகும் கணக்கு, அவர் வண்டி வாங்குவதற்கு முன்பே அச்சில் இருந்தது அல்லவா?

இனி போனுக்கு வருகிறேன். 2021 தீபாவளிக்கு ஒரு கடையில் ரூ.18,999 கொடுத்து வாங்கினேன். 22,999 என்பதை அடித்துவிட்டு அந்த விலையைப் போட்டிருந்தார்கள், சலுகையாம். நன்றாகவே உழைத்தது. 2024 பொங்கலுக்கு மகன் புது போன் கொண்டுவந்து கொடுத்ததும் பழையது பீரோவுக்குப் போனது. ‘பேரன் வந்தால் பாட்டு கேட்க ஆகும்’ என்பது என் திட்டம். பேரன் வந்தான், புது போனைத்தான் கேட்டான். பழையது ஒன்றரை வருடத்துக்கு மேல் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

போன மாதம் அதை விற்கலாம் என்று, வீட்டுக்கே வந்து பழைய போன் எடுத்துக்கொள்ளும் ஓர் ஆப்பில் விவரம் போட்டேன். ரூ.3,400 வரை என்று காட்டியது. மறுநாள் ஒரு பையன் வந்தான். மரியாதையான பிள்ளை, தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டான். போனை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான், திரையில் விரலால் கோலம் போட்டான், தனக்கே ஒரு கால் செய்து பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் அவன் கையில் இருந்த போனில் தொகை இறங்கிக்கொண்டே வந்தது. “ஆன்ட்டி, டிஸ்ப்ளேல ஹேர்லைன் இருக்கு.” முடி அளவுக் கீறலாம். எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை; டார்ச் அடித்துக் காட்டினான், இருந்தது. “சார்ஜிங் பின் லூசா இருக்கு. பில்லு இல்ல. அடாப்டர் இல்ல.” கடைசியில் 1,450-இல் வந்து நின்றது. “நான் குறைக்கல ஆன்ட்டி, சிஸ்டம்தான்” என்றான். அவனைக் கோபித்து என்ன பிரயோசனம்? இதே பதிலை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்!

ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் நின்றது. மோட்டார் காப்பீட்டில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் கழிப்போம், கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. செல்போனில் முதல் வெட்டு கண்ணாடிக்குத்தான். டிஸ்ப்ளே மாற்றப் போனால் அந்தச் செலவு பழைய போனின் விலையையே தாண்டிவிடும் என்பதால் இப்படி. காரணம் சரிதான். ஆனால் அதை எனக்கு யாரும் எந்தத் தாளிலும் காட்டவில்லை.

கொடுக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டு மறுநாள் எங்கள் திருச்சியின் சிங்காரத்தோப்புக் கடைவீதிக்குப் போனேன். பவுச் விற்கும் இரண்டு கடைகளுக்கு நடுவில், ஓர் ஆள் அகலத்தில் ஒரு கடை. அதன் முதலாளிக்கு 35 வயது இருக்கலாம். போனை வாங்கியதும் *#06# அடித்து, திரையில் வந்த எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்த்தார். அப்புறம் அந்த 15 இலக்க எண்ணை, முன்னால் கே.ஒய்.எம். என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து, 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினார். போனின் கம்பெனியும் மாடலும் பதிலாக வந்தன. “திருட்டு போன்னு பிளாக் பண்ணியிருந்தா இதுலயே தெரிஞ்சிரும்மா” என்றார். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ ஏற்பாடு இது. பழைய போன் வாங்கும் வாசகர்கள் பணத்தைக் கொடுக்கும் முன் அவர்களே செய்து பார்க்கலாம்.

“2,000 தரேன்மா” என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். எப்படி 2,000 என்று சொல்லுங்கள், பிறகு தருகிறேன் என்றேன். என் உத்தியோகத்தைச் சொன்னதும் சிரித்தார், டீ வந்தது, பதிலும் வந்தது. வண்டிச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர்களில் நான் பார்த்த பலர் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

முதல் காரணம், அது 4ஜி போன். இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1. என் போனுக்கு அன்று 11 மாதம்கூட நிறையவில்லை. “இன்னிக்கு 10,000 ரூபாய்க்குள்ளயே புது 5ஜி போன் வந்திருச்சு, வாரண்டியோட. அப்ப இதை எவ்வளவுக்கும்மா விக்கிறது?” என்று கேட்டார். பழைய போனின் விலையை அதன் நிலைமை மட்டும் தீர்மானிப்பதில்லை, பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் புது போனும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. விலை உயர்ந்த போனும் இதற்குத் தப்பாது. என் அக்கா மகன் ஐபோன் 15 வைத்திருக்கிறான். 2023 செப்டம்பரில் அது வந்தபோது கம்பெனி அறிவித்த விலை 79,900. அடுத்த செப்டம்பரில் ஐபோன் 16 அதே 79,900-க்கு வந்தது, 15-இன் விலையை 69,900 ஆக்கினார்கள். அவன் போனில் ஒரு கீறல் கிடையாது, பவுச்சைக்கூடக் கழற்றமாட்டான். ஒரே இரவில் கடையில் இருக்கும் புதுசுக்கே 10,000 இறங்கிவிட்டால் கையில் இருப்பதற்கு என்ன மரியாதை?

பேட்டரி பற்றி நான் கேட்கவே இல்லை. பீரோவில் கிடந்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். சார்ஜ் சுத்தமாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் லித்தியம் பேட்டரி கெட்டுவிடுமாம், சிலது உப்பிக்கொண்டு பின்மூடியையே தள்ளிவிடுமாம். இது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். 2024 பொங்கலுக்கு இதே போனுக்கு 5,200 தருவதாகச் சொன்னார்கள். அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம் அவர் கடைசியாகச் சொன்னது. செட்டிங்சுக்குள் போய் ஒரு வரியைக் காட்டினார். செக்யூரிட்டி அப்டேட், அதாவது போனின் பாதுகாப்பில் இருக்கும் ஓட்டைகளை அடைக்கக் கம்பெனி அவ்வப்போது அனுப்பும் திருத்தம், கடைசியாக வந்தது 2023 அக்டோபர். “இதுக்கு மேல வராதும்மா. நான் இதை ஒருத்தருக்கு வித்து, அவரு பேங்க் ஆப் போட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் கடை வாசல்லதான் வந்து நிப்பாரு. படம் பாக்க, பாட்டு கேக்கன்னு சொல்லித்தான் விக்கணும். அதுக்கு எவ்வளவு குடுப்பாங்க?”

வாங்கும்போது மூன்று வருடம் அப்டேட் உண்டு என்று கடையில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2021 நவம்பரோடு மூன்று வருடம் சேர்த்தால் 2024 நவம்பர். அப்புறம் எப்படி 2023 அக்டோபரில் நின்றது? வீட்டுக்கு வந்து மகனை வைத்துத் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. மூன்று வருடம் என்பது நான் வாங்கிய நாளிலிருந்து இல்லை, அந்த மாடல் முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. அது வந்தது 2020 அக்டோபரில். நான் கடையில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஒரு வருடம் கழிந்துவிட்டது. 22,999-ஐ அடித்து 18,999 போட்ட சலுகைக்கும் இப்போது அர்த்தம் தெரிகிறது. காலாவதிக்குப் பக்கத்தில் இருக்கும் ரொட்டியைக் குறைத்து விற்பதுபோலத்தான். ஆனால் ரொட்டி உறையில் தேதி இருக்கும்.

கார் வாங்குகிறவர்களைப் பாருங்கள். ஜனவரியில் ஷோரூமுக்குப் போனால் முதல் கேள்வியே ‘டிசம்பர் தயாரிப்பா?’ என்பதுதான். ஆமாம் என்றால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் விற்கும்போது ஒரு வருடம் கூடுதலாகக் கணக்காகும் என்று எல்லோருக்கும் தெரியும். போன் பெட்டியிலும் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கின்றன; பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள்படி அதிகபட்ச விலையோடு அதையும் அச்சிட்டாக வேண்டும். என் பெட்டியில் 2021 செப்டம்பர் என்று இருக்கிறது. பார்த்தால் பால் மணம் மாறாத போன். மாடலின் வயதை அந்தத் தேதி சொல்லவே சொல்லாது.

ஆகவே நான் கேட்பது ஒரே ஒரு வரி. விலை, தயாரித்த மாதம் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே ‘பாதுகாப்பு அப்டேட் இந்த மாதம், இந்த ஆண்டு வரை’ என்று பெட்டியின் மேல் அச்சிடச் செய்யுங்கள். தமிழில் போட்டால் சந்தோஷம். மாதத்தையும் ஆண்டையும் எண்ணில் போட்டாலும் போதும், அதை யாரும் படித்துவிடுவார்கள். இதற்காகப் புதிதாக ஒரு துறையோ ஆணையமோ வேண்டியதில்லை, இருக்கிற விதியில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

வெளிநாட்டில் இது நடக்காத காரியம் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எத்தனை காலம் வரும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய யூனியன் 2025 ஜூன் 20 முதல் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. குறைந்தது 5 வருடம் அப்டேட் தர வேண்டும், அதுவும் மாடல் வெளிவந்த நாளிலிருந்து இல்லை, அதை விற்பனைக்கு அனுப்புவதை நிறுத்திய நாளிலிருந்து. பேட்டரி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்றும் விதி போட்டிருக்கிறார்கள். நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செய்கிற போன்கள் விமானம் ஏறி வெளிநாடு போகின்றன. செய்கிற ஊரில் வாங்குபவருக்கு மட்டும் தேதி தெரியக் கூடாதா?

சில கம்பெனிகள் தாமாகவே சொல்லத் தொடங்கிவிட்டன என்பதையும் மறைக்கக் கூடாது. கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் எஸ்24-க்கும் 7 வருடம் என்று அறிவித்தன. நல்லது. ஆனால் அவை பெரிய விலைப் போன்கள். 10,000-க்கும் 20,000-க்கும் நடுவில், தவணை கட்டி வாங்குகிறவருக்குத்தான் இந்தத் தேதி ரொம்ப அவசியம்.

தேதி போட்டால் மட்டும் போனின் விலை இறங்காமல் நின்றுவிடுமா என்று என் கணவர் கேட்டார். நிற்காது. எங்கள் அட்டவணைப்படி கழித்தால் நான்கு வருடத்தை நெருங்கும் என் போனுக்கு 11,399 வர வேண்டும். அந்தக் கனவெல்லாம் எனக்கு இல்லை, போன் வேறு, வண்டி வேறு. ஆனால் கணக்குப் போட முடியும். 18,999-க்கு வாங்கி 2,000-க்கு விற்று, 26 மாதம் பயன்படுத்தியிருக்கிறேன். மாதம் 650 ரூபாய்க்குச் சற்று மேல் வாடகை கொடுத்த மாதிரி. அப்டேட் நிற்கும் தேதி முன்பே தெரிந்திருந்தால் அதே கடையில், சலுகை இல்லாத, ஆனால் அன்றைக்குத்தான் வெளிவந்திருந்த வேறொரு மாடலைக் கேட்டிருப்பேன். இல்லையென்றால் அப்டேட் நிற்பதற்கு ஆறு மாதம் முன்பே விற்றிருப்பேன்.

2,000-க்கே கொடுத்துவிட்டேன். கூகுள் கணக்கை நீக்கி, எல்லாவற்றையும் அழித்து, ஆதார் நகலில் ‘பழைய போன் விற்பனைக்கு மட்டும்’ என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைக்காரர் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது கையில் இருக்கும் போனின் பெட்டியை பீரோவிலிருந்து எடுத்து, விலைக்குக் கீழே பால்பாயின்ட் பேனாவால் நானே எழுதி வைத்திருக்கிறேன்: ‘2027 ஜனவரி வரை’. அந்த ஒரு தேதியைத் தேடிக் கண்டுபிடிக்க என் மகனுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மோட்டார் காப்பீட்டு ஊழியர்,
உறையூர், திருச்சி – 3