நான்கு வருஷம் குழிக்குள் என்ன செய்தார்கள்? பள்ளி வரலாற்றுப் பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். முதல் உலகப் போர்ப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் சரயேவோவில் தொடங்கி வெர்சேல்ஸில் முடித்திருக்கிறேன். கூட்டணி நாடுகளின் பெயர்களைப் பிழையின்றி எழுதி மாணவர்கள் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற ஆண்டில் ஒரு மாணவி எழுந்து, "நாலு வருஷம் குழிக்குள்ளயே இருந்து என்ன சார் செஞ்சாங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தரும் வகையில் பாடத்தின் நடுப்பகுதியை மாற்றி எழுதித் தர வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரெஞ்ச் என்பதைப் பதுங்குகுழி என்று எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது. ஈழப் போரைப் பற்றி வாசித்தவர்களுக்கு இச்சொல் தரும் காட்சி வேறு: விமானத்தின் ஓசை கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டு வளவில் வெட்டிய குழிக்குள் இறங்கும் குடும்பம் அது. பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணில் ஓடிய மேற்கு முனையில் இருந்ததோ, வட கடலின் கரையிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லைவரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்துக்கு எதிரெதிரே வெட்டப்பட்ட இரண்டு அகழி அமைப்புகள். முன்வரிசை, அதற்குப் பின்னே துணை வரிசை, அதற்கும் பின்னே இருப்பு வரிசை, இவற்றை இணைக்கும் குறுக்கு வழிகள் என்று அது ஒரு ஊரைப் போலவே விரிந்திருந்தது. வகுப்பில் நான் 'போரகழி' என்று சொல்லிவந்தேன். இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

அந்த மாணவிக்குப் பதில் தேடிப் படித்தபோது, ஒரேயொரு படைப்பிரிவைப் பின்தொடர்ந்தாலே போரின் போக்கு முழுவதும் விளங்கிவிடும் என்று கண்டேன். 39ஆம் கர்வால் ரைஃபிள்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. 1914 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையின் லாகூர், மீரட் டிவிஷன்கள் என்னும் இரு பெரும் பிரிவுகளில் இரண்டாவதைச் சேர்ந்தவர்கள் இவர்கள். மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்த, இமயமலையின் கர்வால் பகுதி விவசாயிகள். இந்தியப் படையினர் பலர் அந்தக் குளிர்காலத்துக்குள் நுழைந்தது மெல்லிய பருத்திக் காக்கி உடையோடுதான். கம்பளி உடுப்பு தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. ஃபிளாண்டர்ஸ் சமவெளியில் சிறிது தோண்டினாலே நீர் ஊறிவிடும் என்பதால் ஆழமாக வெட்டவும் வழியில்லை. அரைக் குழி வெட்டி, மேலே மண் மூட்டைகளை அடுக்கி, முழங்கால் சேற்றில் நின்றார்கள். நாட்கணக்கில் ஈரத்தில் ஊறிய பாதம் மரத்து வீங்கி அழுகியது. அதைத் தடுக்கத் திமிங்கல எண்ணெய் பூசிக்கொள்ளும்படி படையினருக்கு உத்தரவிட்டார்கள். விடியலிலும் அந்தியிலும் தாக்குதல் வரலாம் என்பதால் எல்லோரும் துப்பாக்கியோடு அகழிச் சுவரோரப் படியில் ஏறி நிற்க வேண்டும். பகலில் தலை தெரிந்தால் குறிபார்த்துச் சுடுபவனின் குண்டு வரும் என்பதால் முள்வேலி கட்டுவது, மண் மூட்டை நிரப்புவது, இடிந்த சுவரைச் சீராக்குவது, உணவும் வெடிமருந்தும் சுமந்து வருவது எல்லாம் இரவில்தான். மாணவியின் கேள்விக்கு நேரான பதில் இதுவே: பெரும்பாலான நாட்களில் அவர்கள் மண் வேலை செய்தார்கள், நீர் இறைத்தார்கள், காத்திருந்தார்கள்.

போரகழியை நேர்கோட்டில் வெட்டாமல் வளைத்து வளைத்து வெட்டியதற்கும் காரணம் உண்டு. ஒரு மடிப்பில் வெடித்த குண்டு அடுத்த மடிப்பில் இருப்பவனைத் தாக்காது. எதிரி உள்ளே புகுந்தாலும் ஒரு முனையில் நின்று முழு நீளத்துக்கும் சுட முடியாது. 1914 நவம்பர் 23, 24 இரவில் ஃபெஸ்ட்யூபெர்ட் அருகே இழந்த பகுதியை மீட்டபோது, தலையிலும் கையிலும் காயத்தோடு ஒவ்வொரு மடிப்பையும் முன்னணியில் நின்று கடந்து சென்ற கர்வால் படையின் நாயக் தர்வான் சிங் நேகிக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அப்போது நம் தரப்பில் முறையான கையெறிகுண்டுகள் போதாமல் காலி ஜாம் டப்பாக்களில் வெடிமருந்து அடைத்து எறிந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்தப் போரின் தொடக்கம் எவ்வளவு ஆயத்தமற்றது என்று மாணவருக்கு உறைக்கும். முள்வேலியைத் தகர்க்கப் பயன்பட்ட பெங்களூர் டார்பிடோ என்னும் வெடிக்குழாய், 1912இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. நம் பாடத்தில் சேர்க்க வேண்டிய செய்தி இதுவும்.

ஆனால் பாடநூலில் இரண்டு பக்கம் ஒதுக்க ஒரே ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிரான்ஸின் நியூவ் ஷாப்பெல் கிராமத்தில் நடந்த சண்டையைத்தான் நான் சொல்வேன். 1915 மார்ச் 10 காலை 7.30 மணிக்குத் தொடங்கிய பீரங்கித் தாக்குதல் 35 நிமிடங்கள் நீடித்தது. விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு வரைபடம் தயாரித்திருந்தார்கள். அன்று காலையிலேயே கிராமம் கைப்பற்றப்பட்டது. எனினும் கர்வால் முதல் பட்டாலியன் திசை தவறி, பீரங்கி தொடாத, வேலி அறுபடாத பகுதியில் போய் மோதிச் சிதைந்தது. இரண்டாம் பட்டாலியனின் கப்பர் சிங் நேகி, மடிப்பு மடிப்பாக எதிரியைத் துரத்திச் சென்று அன்றே இறந்தார். அதன்பின் நடந்ததுதான் நான்காண்டுப் போரின் சூத்திரம்: தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன, உத்தரவு வந்து சேர மணிக்கணக்கானது, குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன, அதற்குள் ஜெர்மானியர் புதிய வரிசை அமைத்து ஆட்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று நாள் முடிவில், இலக்காயிருந்த ஓபெர் மேடு கைக்கு எட்டவில்லை. பிரிட்டிஷ், இந்தியத் தரப்பில் 11,000 பேருக்கு மேல் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போனார்கள். அவர்களில் இந்தியர் 4,000க்கும் அதிகம். இழப்பு தாங்காமல் கர்வாலின் இரண்டு பட்டாலியன்களையும் பிறகு ஒன்றாக்க வேண்டி வந்தது. உடைத்து நுழைவது சாத்தியம், நுழைந்த இடத்தில் தொடர்ந்து முன்னேறுவது சாத்தியமில்லை. இதை மாணவர் இங்கே புரிந்துகொண்டால், 1916 ஜூலை 1 அன்று சோம் நதிக்கரையில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் ஒரே நாளில் 57,000க்கும் மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தது ஏன் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகர் அருகே லாகூர் டிவிஷன் குளோரின் வாயுவை எதிர்கொண்டபோது வாயை மூட ஈரத் துணி தவிர வேறு சாதனம் இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் இந்தியக் காலாட்படை பிரான்ஸை விட்டு வெளியேறியது. பெரும்பகுதி மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) போனது.

இச்செய்திகளைச் சேர்க்கும்போது வீரப் பாடமாக மாற்றிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்து, மொழிபெயர்த்து, பகுதிகளைச் சேமித்து வைத்தார்கள். தணிக்கைக்குத் தப்ப, இந்தியச் சிப்பாயைக் கருமிளகு என்றும் வெள்ளைச் சிப்பாயைச் சிவப்பு மிளகு என்றும் குறிப்பிட்டு, இனி ஆள் அனுப்பாதே என்று மறைமுகமாகச் சொன்னார்கள். இது போரல்ல, உலகத்தின் முடிவு என்று ஒருவர் எழுதினார். ஜெர்மனியில் வூன்ஸ்டார்ஃப் சிறைமுகாமில் 1916 டிசம்பரில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய், தன்னையே மூன்றாம் மனிதனாக்கி, இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த ஒருவன் இங்கிலீஷ்காரனின் போருக்கு வந்து சிக்கிக்கொண்டான், ஊர் திரும்பினால்தான் அந்தச் சாப்பாடு மறுபடி கிடைக்கும் என்று பேசினார். பதிவு இன்றும் இருக்கிறது. போரகழி மனிதனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

இதில் தமிழர் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். சிலரை மட்டுமே போர்க்குலம் என்று பிரித்த வெள்ளை அரசின் கொள்கை, மதராஸ் காலாட்படையைப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. நம்மவர்கள் பெரும்பாலும் மெசபடோமியா போன்ற பிற முனைகளுக்குப் போனார்கள். சென்னையைப் பொறுத்தவரை 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் வீசிய குண்டுகளோடு போர் முடிந்துவிட்டதாகவே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது, பெயர்கள் இல்லை. இத்தகைய கற்கள் நம் மாநிலத்தின் வேறு ஊர்களிலும் உண்டு. பாடத்தின் இறுதியில் உள்ள பயிற்சிப் பகுதியில், கோடிட்ட இடங்களை நிரப்புக என்பதற்கு முன்னால், உங்கள் ஊரில் அப்படியொரு கல் உண்டா என்று தேடிப் பார்த்து அதில் உள்ளதைப் படியெடுத்து வருக என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

பணிவுடன்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் ஒருவன்